என் கதை ஏன் கட்டுரை மாதிரி இருக்கிறது? சிறுகதைக்கு அடிப்படையாக என்னதான் வேண்டும்?

கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கம், மருந்துக் கடையில் பில் போடும் வேலை, எழுதுவதெல்லாம் ராத்திரியில்தான். எட்டு மாதமாக ஒரே ஒரு கதையை எழுதி, அடித்து, திரும்ப எழுதி ஒரு போட்டிக்கு அனுப்பினேன். தேர்வாகவில்லை. அது பரவாயில்லை. ஆனால் திருப்பி அனுப்பியபோது நடுவர் ஒருவர் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: "தகவல் நிறைய இருக்கிறது, கதை எங்கே?" மூன்று நாளாக அந்த ஒரு வரிதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கதை என் பாட்டியைப் பற்றியது. இலங்கையில் நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், 1972இல் தாத்தாவோடும் இரண்டு வயதாக இருந்த என் அம்மாவோடும் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் இந்த மலைக்கு வந்தவள். பிறந்ததிலிருந்து ஆரம்பித்து, இந்தியா இலங்கை ஒப்பந்தம், கப்பல், முகாம், இங்கே கொழுந்து பறித்தது, தாத்தா இறந்தது, அம்மா கல்யாணம், கடைசியில் பாட்டி இறந்தது வரை பதினாலு பக்கம் எழுதியிருக்கிறேன். எழுதும்போது நானே பல இடத்தில் அழுதேன்.

ஒரு கட்டுரையில் படித்தேன், சிறுகதைக்குக் கரு, கதைமாந்தர், களம், முரண், உச்சம், முடிவு எல்லாம் வேண்டும் என்று. என் கதையில் எல்லாமே இருக்கிறதே? மலை இருக்கிறது, பாட்டி இருக்கிறாள், கஷ்டம் இருக்கிறது, சாவு இருக்கிறது. முரண் என்பதுதான் எனக்குச் சரியாகப் புரியவில்லை. பாட்டிக்கு எதிரி என்று யாரும் கிடையாது, எல்லோரிடமும் நன்றாகத்தான் இருந்தாள். வில்லன் வைக்க வேண்டுமா?

நடுவிலிருந்து ஒரு பத்தி போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"மூடுபனி மலையை மெல்லப் போர்த்தியது. தேயிலைச் செடிகள் பச்சைக் கம்பளம் போல் விரிந்து கிடந்தன. பாட்டி இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரல் நுனியில் கிள்ளிக் கூடையில் போட்டாள். சாயங்காலம் எடை போடும் இடத்தில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். பாட்டி தராசைப் பார்க்க மாட்டாள், எழுதுகிறவர் முகத்தைத்தான் பார்ப்பாள். மூடுபனி மீண்டும் இறங்கியது. அவள் வாழ்க்கையும் அந்தப் பனியைப் போலவே…"

தயவு செய்து நேராகச் சொல்லுங்கள், மனசு கோணாது.

பழைய தமிழாசிரியர் (குன்னூர்)

அம்மா, நேராகச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். நீங்கள் படித்த அந்த ஆறு பெயர்களும் தப்பில்லை, ஆனால் அவை வரிசையாக டிக் அடிக்கும் பட்டியல் இல்லை. இதை நம் ஆட்கள் ரொம்ப காலத்துக்கு முன்பே வேறு மாதிரி பிரித்திருக்கிறார்கள். பள்ளியில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள், மதிப்பெண் வாங்கியதும் மறந்தும் போயிருப்பீர்கள். அதை இப்போது வெளியே எடுங்கள்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும், பெரும்பொழுது, அதாவது பருவம், கூதிர் என்ற குளிர்காலமும் முன்பனியும், சிறுபொழுது, அதாவது நாளின் நேரம், யாமம் என்ற நள்ளிரவு. கருப்பொருள் அந்த நிலத்தில் உள்ளவை: தெய்வம், விலங்கு, மரம், உணவு, தொழில், பறை எல்லாம். உரிப்பொருள் அந்த நிலத்துக்குரிய மன நிலை. தொல்காப்பியம் இந்த மூன்றையும் சொல்லிவிட்டு, பாட்டுக்குள் வரும்போது இவை முறையே ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்கிறது. அதாவது நிலத்தைவிடக் கருப்பொருள் மேல், கருப்பொருளைவிட உரிப்பொருள் மேல். முதலும் கருவும் இல்லாமல் உரிப்பொருள் மட்டும் வைத்துக்கூடப் பாட்டு உண்டு. மனசு இல்லாமல் வெறும் மலையை வைத்து அகப்பாட்டு கிடையாது.

உங்கள் பத்தியில் பனி இருக்கிறது, தேயிலை இருக்கிறது, கூடை இருக்கிறது. முதலும் கருவும் ஏராளம். உரி எங்கே? "அவள் வாழ்க்கையும் அந்தப் பனியைப் போலவே" என்று எழுதி உரிப்பொருளின் இடத்தை மறுபடியும் முதற்பொருளை வைத்து நிரப்பியிருக்கிறீர்கள். நடுவர் கேட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, அகப்பாட்டில் ஒவ்வொன்றுக்கும் கூற்று உண்டு. தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனுக்குச் சொன்னது, செவிலி நற்றாய்க்குச் சொன்னது, கண்டோர் சொன்னது. யார், யாரிடம், எந்த நேரத்தில் என்பது தெரிந்த பிறகுதான் பாட்டே புரியும். உங்கள் பதினாலு பக்கத்தை யார் யாரிடம் சொல்கிறார்கள்? அதை யோசித்துப் பதில் எழுதுங்கள்.

தேவாலா மழை (பந்தலூர்)

ஐயா சொன்னது சரி. நான் அதே பத்தியில் வேறு ஒரு வரியில் நின்றுவிட்டேன், அதைத் தாண்டிப் போகவே முடியவில்லை.

"பாட்டி தராசைப் பார்க்க மாட்டாள், எழுதுகிறவர் முகத்தைத்தான் பார்ப்பாள்."

தங்கச்சி, உங்கள் கதை இங்கே இருக்கிறது. பதினாலு பக்கத்தில் இந்த ஒரு வரியை எழுதிவிட்டு, அடுத்த வரியில் பனியை இறக்கி அதை மூடிவிட்டீர்கள்! நானும் தோட்டத்தில் வளர்ந்தவள், வரிசையில் நின்றிருக்கிறேன். நாளுக்கு இத்தனை கிலோ என்ற கணக்குக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு, அதனால் தராசு முள் எங்கே நிற்கிறது என்று எல்லோரும் கழுத்தை நீட்டித்தான் பார்ப்போம். உங்கள் பாட்டி ஏன் பார்க்கவில்லை? எண் படிக்கத் தெரியாதா? தெரிந்தும் பார்க்கவில்லையா? முகத்தில் எதைத் தேடினாள்? எனக்கு இது உடனே தெரிய வேண்டும். படிக்கிறவருக்கு இப்படி ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டால் கதை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அம்மா இருக்கிறார்களா? கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் பனி. ஒரு பத்தியில் மூன்று தடவை. மலையில் இருக்கிறவர்கள் எழுதினாலே பனி வந்துவிடுகிறது, நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன், கீழே இருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து வியப்பதால் நாமும் அவர்கள் கண்ணால் பார்க்கப் பழகிவிட்டோம். "பச்சைக் கம்பளம்" சுற்றுலாப் பேருந்தின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரிவது. பறிக்கிறவளுக்குச் செடி இடுப்புயரம், முழங்கை உரசும், ஈரத்தில் புடவை நனையும், அட்டை ஏறும். பனி வேண்டுமென்றால் வேலை செய்கிற பனியை வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து பள்ளத்துச் செடியெல்லாம் கருகி, பறிக்கக் கொழுந்தே இல்லாமல் போகிறதே, அந்தப் பனி. அது வந்தால் வரும்படி குறையும், வீட்டில் ஏதாவது நடக்கும்.

தலைமன்னார் டிக்கெட் (குன்னூர்)

எனக்கு இதில் கொஞ்சம் மன வருத்தம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஒரு வரியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எல்லாம் விடச் சொல்கிறீர்கள். அந்த மிச்சம் என்ன தெரியுமா? 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டு நாடற்றவர்கள் ஆக்கப்பட்டவர்கள். 1964 அக்டோபரில் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து எங்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் அதையும் சரிபாதியாக வெட்டினார்கள். என் அப்பா ஒரு பட்டியலில், அவருடைய அண்ணன் இன்னொரு பட்டியலில். இரண்டு பேரும் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளவே இல்லை.

இந்த மலையில் எத்தனை வீட்டில் இந்தக் கதை இருக்கிறது, எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? இந்தப் பெண் எழுத உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் போய்த் தராசு, முகம் என்று சுருக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கதையாக வரவில்லை என்றால் என்ன, நாவலாக எழுதட்டும், பதினாலு பக்கத்தை நானூறு பக்கமாக ஆக்கட்டும்.

தேவாலா மழை (பந்தலூர்)

அண்ணா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, நாவல் எழுதட்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன், எழுதத்தான் வேண்டும். ஆனால் அவள் கேட்டது சிறுகதை. 5,25,000 என்ற எண்ணைப் படித்துவிட்டு ஒருவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். உங்கள் அப்பாவும் பெரியப்பாவும் இரண்டு பட்டியலில் என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கே நான் நின்றுவிட்டேன். பெயர் வாசிக்கிற அன்று இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. நீங்கள் அதை எழுதினால் ஒப்பந்தம் முழுக்க அந்தப் பெஞ்சுக்குள் வந்துவிடும். வரலாற்றை விடச் சொல்லவில்லை. எழுதுகிறவளுக்கு அது முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும், பக்கத்தில் கொஞ்சமாக வந்தால் போதும் என்கிறேன்.

கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

நேற்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். கை நடுங்குகிறது, அப்படியே எழுதுகிறேன்.

பாட்டிக்கு எண் தெரியும். அங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்திருக்கிறாள். தராசைப் பார்க்காததற்குக் காரணம், அவளுக்குப் பார்க்கத் தேவையில்லை. கூடையை முதுகில் தூக்கினாலே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாளாம், அரைக் கிலோகூடத் தப்பாதாம். அவள் வேலை செய்த தோட்டத்தில் ஈரக் கழிவு என்று ஒரு ஆளுக்கு இரண்டு கிலோ கழிப்பார்கள். மழை நாளில் இலை தண்ணீரோடு வரும், கழிப்பது நியாயம். ஆனால் காய்ந்த வெயிலிலும் அதே இரண்டு கிலோ கழியும். யாரும் கேட்டதில்லை. பாட்டியும் வாய் திறந்து கேட்டதில்லை. ஆனால் எடை எழுதுகிறவர் பேனாவை வைக்கும் வரை கண்ணெடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாளாம். தினமும். ஏழு வருஷம். அவர் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

1979இல் தாத்தா இறந்தார். காரியம் முடிந்து பாட்டி வேலைக்குப் போன முதல் நாள், அம்மாவும் கூடப் போயிருக்கிறாள், ஒன்பது வயது. சாயங்காலம் எடை போட்டார்கள். இருபத்தி ஒன்று. எழுதுகிறவர் அன்றைக்கு நிமிர்ந்து பாட்டியைப் பார்த்தாராம். பார்த்துவிட்டு இருபத்தி ஒன்று என்றே எழுதினார், கழிக்கவில்லை. பாட்டி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் போ போ என்கிறார்கள். பாட்டி, "வழக்கம்போல எழுதுங்க" என்றாளாம்.

அவ்வளவுதான். அவர் அடித்துவிட்டுப் பத்தொன்பது என்று எழுதினார்.

அம்மாவுக்குப் பாட்டிமேல் வந்த கோபம் பல வருஷம் போகவில்லையாம். அன்றைக்கு வீட்டில் அரிசி இல்லை. "ரெண்டு கிலோ காசை வேண்டாம்னு சொல்லிட்டு வந்துச்சு உங்க பாட்டி" என்று நேற்றுக்கூட அதே கோபத்தோடுதான் சொன்னாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எட்டு மாதம் எழுதியும் இது எனக்குத் தெரியாது. பதினாலு பக்கத்தில் இது இல்லவே இல்லை.

தேவாலா மழை (பந்தலூர்)

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் வில்லன் வேண்டுமா என்று கேட்டீர்களே, இப்போது பாருங்கள். எழுதுகிறவர் கெட்டவர் இல்லை. அந்த ஒரு நாளில் அவரால் முடிந்த நல்லதைத்தான் செய்தார். ஆனாலும் பாட்டிக்கும் அவருக்கும் நடுவில் ஏழு வருஷமாக இழுத்துக் கட்டிய ஒரு கயிறு இருக்கிறது. பாட்டிக்கு வேண்டியது அவளுக்குச் சேர வேண்டிய எடை. அவர் கொடுத்தது இரக்கம். இரண்டும் ஒரே இரண்டு கிலோதான், காசிலும் வித்தியாசம் கிடையாது, ஆனால் அவளால் வாங்க முடியவில்லை. முரண் என்று அந்தக் கட்டுரை எதைச் சொல்லியதோ தெரியாது, நான் முரண் என்று நினைப்பது இதைத்தான்: ஒரு ஆளுக்கு ஒன்று வேண்டும், ரொம்ப வேண்டும், அதற்குக் குறுக்கே ஏதோ நிற்கிறது. குறுக்கே நிற்பது மனிதராக இருக்கலாம், வழக்கமாக இருக்கலாம், அவளுடைய சொந்த மானமாகவே இருக்கலாம். இங்கே மூன்றும் இருக்கிறது. வீட்டில் அரிசி இல்லை என்பது ஒரு பக்கம் இழுக்கிறது பாருங்கள், அது இல்லாவிட்டால் அவள் மறுத்தது சும்மா வீம்பு ஆகிவிடும். அரிசியை விட்டுவிடாதீர்கள்.

எங்கே தொடங்குவது? நுவரெலியாவில் வேண்டாம். கப்பலில் வேண்டாம். அந்த ஒரு சாயங்காலம்தான் கதை, முடிந்தால் வரிசையிலேயே தொடங்குங்கள், பாட்டிக்கு முன்னால் நான்கைந்து பேர் நிற்கும்போது. அந்த நான்கைந்து பேருக்கும் கழிவு போவதைப் படிக்கிறவர் பார்க்கட்டும், யாரும் விளக்க வேண்டாம். பாட்டியின் முறை வரும்போது அவருக்கே கணக்குத் தெரிந்திருக்கும்.

பழைய தமிழாசிரியர் (குன்னூர்)

கூற்று யாருடையது என்று கேட்டிருந்தேன். இப்போது விடை வந்துவிட்டது. ஒன்பது வயதுப் பெண்.

பாட்டியே சொன்னால் அவள் ஏன் மறுத்தாள் என்பதைச் சொல்ல வேண்டி வரும், சொல்லிவிட்டால் கதை செத்துவிடும். நீங்கள் சொன்னால் நீங்கள் அங்கே இல்லை, பின்னால் இருந்து விளக்கம்தான் கொடுப்பீர்கள். அந்தச் சிறுமி எல்லாவற்றையும் பார்க்கிறாள், ஒன்றும் புரியவில்லை, கோபம் மட்டும் வருகிறது. அவளுக்குப் புரியாததைப் படிக்கிறவர் புரிந்துகொள்வார். அந்த இடைவெளியில்தான் உங்கள் உரிப்பொருள் இருக்கிறது.

யார் சொல்கிறார்கள் என்பது கதையின் எல்லையையும் முடிவு செய்துவிடும். 1915இல் வந்த வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' கதையை, தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் என்று பலரும் சொல்வார்கள், அதைச் சொல்வது மரமேதான். மரம் நகராது. கரைக்கு வருகிறவர்களைப் பார்க்கும், அவர்கள் பேசுவதைக் கேட்கும், வீட்டுக்குள் நடந்ததை யாராவது வந்து பேசினால்தான் அதற்குத் தெரியும். உங்கள் ஒன்பது வயதுப் பெண்ணும் அப்படித்தான். அவள் உயரத்துக்குத் தராசு முள் தெரியுமா? தெரியாது என்று நினைக்கிறேன். அப்படியானால் எண்ணை அவள் காதால்தான் கேட்பாள். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்ததை அவள் மட்டும் பார்க்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பெரியவர்கள் எல்லோரும் தராசைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பாட்டிக்குப் பெயர் வைக்க வேண்டுமா என்று நாளைக்குக் கேட்பீர்கள். வேண்டாம். அகப்பாட்டில் யாருக்கும் பெயர் சுட்டுவதில்லை.

கேத்திப் பள்ளத்தாக்கு (கேத்தி)

நான் கேரட் போடுகிறவன், எழுதுவதில்லை, படிப்பேன், நிறையப் படிப்பேன். ஒரு வாசகனாக இரண்டு விஷயம்.

முதலாவது நீளம். எட்கர் ஆலன் போ என்ற அமெரிக்கர் 1842இல் ஒரு புத்தக விமர்சனத்தில் எழுதினார், சிறு அளவிலான கதை ஒரே அமர்வில் படித்து முடிகிறதாக இருக்க வேண்டும், அதில் வரும் ஒவ்வொரு சொல்லும் முன்பே தீர்மானித்த ஒரே ஒரு விளைவை நோக்கிப் போக வேண்டும் என்று. எனக்கு அது கோத்தகிரி மேட்டுப்பாளையம் பஸ். மேலே ஏறும்போது திறந்தால் கீழே இறங்குவதற்குள் முடிந்திருக்க வேண்டும், நடுவில் எந்த வளைவிலும் நான் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. நான் செய்யும் ஒரு வேலையைச் சொல்கிறேன், நல்ல கதை படித்தால் அதைத் தோட்டத்தில் கூட வேலை செய்கிறவர்களுக்கு வாயால் சொல்வேன். எந்த இடத்தில் கேட்கிறவர் கையை வேகமாக ஓட்ட ஆரம்பிக்கிறாரோ அங்கே கதை தளர்ந்திருக்கிறது. எந்த இடத்தில் கை நிற்கிறதோ அங்கே உயிர். உங்கள் கதையை யாருக்காவது வாயால் சொல்லிப் பாருங்கள். நான் இன்று காலையில் இரண்டு பேருக்குச் சொன்னேன், மன்னிக்க வேண்டும் அனுமதி கேட்காமல் சொல்லிவிட்டேன். "வழக்கம்போல எழுதுங்க" என்ற இடத்தில் இரண்டு பேருமே நின்றுவிட்டார்கள். ஒரு அம்மா, "அப்படித்தான் சொல்லணும்" என்றார். இன்னொருவர், "பசிக்கிற பிள்ளைய வச்சுக்கிட்டு அப்படிச் சொல்லலாமா?" என்றார். கேரட் கழுவி முடியும் வரை அதே பேச்சுதான்.

இரண்டாவது முடிவு. எனக்கு ஒரு யோசனை வந்தது. எழுதுகிறவரும் கப்பலில் வந்தவர் என்று கடைசியில் தெரிய வந்தால்? அவரும் தோட்ட முதலாளிக்குப் பயந்துதான் கழித்தார் என்று?

தலைமன்னார் டிக்கெட் (குன்னூர்)

எனக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறது. அப்படி நடந்தும் இருக்கிறது. நம் ஆளே நம் ஆளுக்குக் கழித்த கதை எங்கள் லயத்திலேயே, தோட்டத்து வரிசை வீடுகளிலேயே உண்டு. வரலாறும் உள்ளே வந்துவிடும்.

தேவாலா மழை (பந்தலூர்)

இல்லை, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடைசியில் ஒரு திருப்பம் வைத்தால் படிக்கிறவர் "அட, அப்படியா" என்று எழுதுகிறவரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவார், பாட்டி சொன்ன இரண்டு சொல் காணாமல் போய்விடும். திருப்பமே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதையில் ஏற்கெனவே ஒரு திருப்பம் நடந்துவிட்டது, ஏழு வருஷமாக எதை எதிர்பார்த்து நின்றாளோ அது கைக்கு வரும்போது வேண்டாம் என்கிறாள். அதற்கு மேல் ஒன்றை வைத்தால் முதல் ஒன்றின் கழுத்தை நெரிக்கும்.

வரலாறு உள்ளே வர வேண்டும் என்பதற்கு வேறு வழி இருக்கிறது. தங்கச்சி, ஒன்று கேட்கிறேன், பாட்டி அந்த எழுதுகிறவரை எப்படிக் கூப்பிடுவாள்?

கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

கணக்கப்பிள்ளை. இங்கே எங்கள் தோட்டத்தில் எல்லோரும் ரைட்டர் என்பார்கள். பாட்டி மட்டும் கடைசி வரை கணக்கப்பிள்ளைதான். அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். காலையில் வேலைக்குக் கூடும் இடத்தையும் பெரட்டுக்களம் என்றுதான் சொல்வாள், இங்கே இருக்கிற பிள்ளைகள் சிரிப்பார்களாம், சிலோன்காரி என்று.

தேவாலா மழை (பந்தலூர்)

அண்ணா, போதுமா? எல்லோரும் ரைட்டர் என்கிற வரிசையில் ஒருத்தி மட்டும் கணக்கப்பிள்ளை என்கிறாள்.

தலைமன்னார் டிக்கெட் (குன்னூர்)

என் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். சரி. எழுதட்டும்.

ஆனால் நாவலையும் எழுத வேண்டும், அதை நான் விடமாட்டேன்.

பழைய தமிழாசிரியர் (குன்னூர்)

ஒரு சின்ன எச்சரிக்கை, அப்புறம் நான் விலகிக்கொள்கிறேன். இந்தக் கதையைச் சங்கப்பாட்டோடு நான் ஒப்பிட்டதால் ஒரு தவறு நேரக் கூடும். அகப்பாட்டு ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்தும், அதில் காலம் பெரிதாக நகர வேண்டியதில்லை. சிறுகதையில் ஏதாவது ஒன்று மாற வேண்டும். வரிசையில் நிற்கத் தொடங்கியபோது இருந்த சிறுமியும் வீட்டுக்குத் திரும்பும் சிறுமியும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. கோபம் வந்தது ஒரு மாற்றம்தான். அந்தக் கோபத்தோடு அவள் என்ன செய்தாள்? பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாளா, உதறிவிட்டு முன்னால் ஓடினாளா? அம்மாவிடம் கேளுங்கள். கற்பனை செய்வதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

கேட்டேன் ஐயா. கையை உதறிவிட்டு முன்னால் நடந்தாளாம். கொஞ்ச தூரம் போனதும் பாட்டி பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்க ஆசை, ஆனால் பார்க்கவில்லையாம். காலிக் கூடை செடியில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்ததாம். நான் அங்கேயே முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பதினாலு பக்கத்தை ஒரு கவரில் போட்டு வைத்துவிட்டேன், கிழிக்கவில்லை. அண்ணன் சொன்ன நாவலுக்கு உதவும். புதிதாக நேற்று எழுதியதன் தொடக்கத்தைப் போடுகிறேன். பனி ஒரு தடவைகூட வரவில்லை, வெயில்தான், ஏனென்றால் ஈரமே இல்லாத நாளில் ஈரக் கழிவு என்றால்தான் கணக்கு உறுத்தும்.

"அம்மாவுக்கு முன்னால் ஐந்து பேர் இருந்தார்கள். பத்து நாளாக மழை இல்லை, கொழுந்து கூடைக்குள் காகிதம் மாதிரி சரசரத்தது. நான் அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு என்றார் தராசைப் பிடித்தவர். பதினாறு என்று எழுதினார் ரைட்டர். அடுத்த அக்கா கூடையை மாட்டினாள். இருபத்து மூன்று. இருபத்தி ஒன்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா செத்து இன்றைக்குப் பதினேழாம் நாள். அரிசிப் பானையைக் காலையில் நான்தான் கவிழ்த்து வைத்திருந்தேன். அம்மா சொன்னாள், 'கணக்கப்பிள்ளை இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டாரு.' பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள்."

தேவாலா மழை (பந்தலூர்)

படித்தேன். அரிசிப் பானை வரியை இன்னும் இரண்டு ஆள் தள்ளி, அம்மாவின் முறை வருவதற்குச் சற்று முன்னால் வைத்துப் பாருங்கள். இங்கே அது கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடுகிறது, படிக்கிறவர் இப்போதே இரக்கப்பட ஆரம்பித்துவிடுவார். கடைசிச் சிரிப்பு அப்படியே இருக்கட்டும். மிச்சத்தையும் எழுதிவிட்டுப் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை லீவுதான், உட்கார்ந்து படிக்கிறேன்.